வட்டம் சின்னது: அட்லாண்டாவின் கறுப்பின கே ஆண்கள், காதல், ஹுக்கப் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாரைப் பற்றி? சொல்ல நீங்கள் யார்?

அமெரிக்கக் கறுப்பின கே ஆண்களைப் பற்றி. அதிலும் அட்லாண்டாவைப் பற்றித்தான் அதிகம் வரும், எனக்குத் தெரிந்த ஊர் அது. நான் கறுப்பினத்தவன் இல்லை. தமிழன், கே, ஒன்பது வருடமாக அங்கே வேலை. நெருங்கிய நண்பர்களில் பாதிப் பேர் கறுப்பின கே ஆண்கள் என்பதால், ஊரிலிருந்து இதைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எனக்குத்தான் மெசேஜ் வருகிறது. பல கேள்விகள் "அவங்க எல்லாம்..." என்று தொடங்கும். அந்த "எல்லாம்" என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, மற்றதை அப்படியே போட்டிருக்கிறேன்.

எங்கே, எப்படிச் சந்தித்துக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் போனில்தான். கே ஆண்களுக்கான கிரைண்டர் ஆப் 2009இல் வந்தது. அடுத்த வருடம் வந்த ஜாக்ட் என்ற ஆப் கறுப்பின ஆண்களிடையே நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதற்கும் முன்னால், கணினி முன் உட்கார்ந்து தேடிய காலத்தில், ஆடம்ஃபார்ஆடம் என்ற தளம். ஒன்றில் கிடைக்காதவர் இன்னொன்றில் கிடைப்பார் என்று மூன்றையும் வைத்திருப்பவர்கள் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சிக்கன் விங்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். லெமன் பெப்பர் பிசுக்கு ஒட்டிய விரலாலேயே நண்பன் போனைத் திறந்து காட்டினான். பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தில் தலையில்லாத ஒரு நெஞ்சு. இரண்டாவதில் இவனுடைய பழைய காதலன். மூன்றாவதில் அந்தப் பழைய காதலனின் இப்போதைய காதலன். நான்காவதில் முகமே இல்லை, ஒரு சோபாவின் ஓரமும் ஒரு முழங்காலும்தான். "இது எங்க சர்ச் கொயர்ல டெனர் பாடுறவர்" என்றான். முகம் தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "அந்த சோபாவை எனக்குத் தெரியும்."

இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்களெல்லாம் அந்தச் சோபாவில்தான் தொடங்குகின்றன. அட்லாண்டா பெரிய நகரம், கறுப்பின கே ஆண்கள் ஏராளமாக வாழும் நகரம். ஆனாலும் வட்டம் சின்னது.

ஆப் தவிர கிளப் உண்டு. பீச்ட்ரீ தெருவில் புல்டாக்ஸ், சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஜெஃப்ரி பப் என்று பல பத்தாண்டுகளாகப் பேர் பெற்ற இடங்கள். அப்புறம் நண்பர்களின் வீட்டு விருந்துகள், ஜிம், சர்ச். சர்ச்சுக்குத் தனியாக வருகிறேன்.

எல்லா கே ஆண்களும் போகிற இடத்துக்கே போகலாமே? ஏன் தனி கிளப், தனி ஆப்?

போனார்கள். வாசலில் நிறுத்தினார்கள். 1970களிலும் 80களிலும் பல நகரங்களின் வெள்ளை கே பார்களில் ஒரு பழக்கம் இருந்தது: வெள்ளையர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார், கறுப்பினத்தவர் வந்தால் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை இரண்டு வேண்டும், மூன்று வேண்டும். மூன்றும் இருந்தால் செருப்பு சரியில்லை, தொப்பி சரியில்லை. இதற்குக் 'கார்டிங்' என்றே பெயர் வந்தது. 1980இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'பிளாக் அண்ட் ஒயிட் மென் டுகெதர்' என்ற அமைப்பு, பின்னர் பல ஊர்களில் கிளைவிட்டு, இதற்கு எதிராகவும் போராடியது.

அதனால் தங்களுக்கென்று இடம் கட்டிக்கொண்டார்கள். வாஷிங்டனில் 1975இல் திறந்த கிளப்ஹவுஸ் அப்படி ஒன்று. மே மாதக் கடைசியில், மெமோரியல் டே வார இறுதியில், 'சில்ட்ரன்ஸ் அவர்' என்று ஆண்டுதோறும் ஒரு விருந்து நடக்கும். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், கறுப்பின கே வழக்கில் 'சில்ட்ரன்' என்றால் நம்மாட்கள், கே ஆட்கள். எய்ட்ஸ் காலத்தில் ஆட்களும் போய், பணமும் போய், 1990இல் கிளப் மூடப்பட்டது. அந்த வார இறுதியை விட்டுவிட மனம் வராமல் மூன்று பேர் சேர்ந்து மறு வருடம், 1991 மே மாதம், பேனகர் மைதானத்தில் ஒரு நாள் விழா நடத்தினார்கள். எய்ட்ஸ் உதவிக்கு நிதி திரட்டுவது நோக்கம். சுமார் 800 பேர் வந்தார்கள். கறுப்பின கே மக்கள் நாடு முழுக்க இன்று நடத்தும் பிளாக் பிரைடு விழாக்களின் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது அதுதான்.

யாரைப் பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம். அதில் இனவெறி எங்கே வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் 'சிவப்பான பையன் தேவை' என்று மணமகன் விளம்பரம் படித்து வளர்ந்தவர்கள், அதனால் சுருக்கமாகவே சொன்னால் போதும்.

ப்ரொஃபைலில் 'கறுப்பர் வேண்டாம், மன்னிக்கவும், விருப்பம் மட்டுமே' என்று எழுதி வைப்பவர் தன் படுக்கையைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதை எந்நேரமும் நூறு பேர் படிக்கிறார்கள். கிரைண்டரில் இனத்தை வைத்து வடிகட்டும் வசதியே இருந்தது. அதுவும் காசு கட்டியவர்களுக்கு. 2020 ஜூன் மாதம், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின்போது, அதை நீக்குவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. நண்பனின் எதிர்வினை: "பத்து வருஷம் வித்துட்டு இப்ப எடுத்தாங்களாம்."

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பற்றி வெளியே யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்பது ஒரு அடி என்றால், 'கறுப்பர் மட்டும்தான் வேண்டும்' என்று வருபவர் வேறு மாதிரி அடி. வணக்கம்கூட சொல்லாமல் உறுப்பின் அளவைக் கேட்பார். எப்போதும் மேலிருப்பவன், முரடன், சிறையிலிருந்து வந்தவன் மாதிரி பேசுபவன் என்று ஒரு வேடத்தை அவரே தைத்து எடுத்து வந்திருப்பார். கணக்காளர் வேலை பார்க்கும், பூனை வளர்க்கும் என் நண்பனுக்கு அந்தச் சட்டை பொருந்துவதில்லை. "பூனைப் படத்தைப் போட்டா மெசேஜ் பாதியா குறையுது" என்கிறான்.

அவர்களுக்குள்ளேயே பாகுபாடு இல்லையா?

இருக்கிறது. 'ஃபெம் (நளினமானவர்) வேண்டாம், குண்டு வேண்டாம்' என்பது அங்கும் எழுதப்படுகிறது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இடையே நிறப் பார்வை உண்டு. நளினமான ஆண்களை இரவில் தேடுவதும், பகலில் தெரியாதவர்போல் கடந்துபோவதும் உண்டு. இதை அவர்களே தங்களுக்குள் கடுமையாக விவாதிக்கிறார்கள். நான் வெளியாள், இதற்கு மேல் நீட்டவில்லை.

ப்ரொஃபைலில் வரும் சொற்கள் புரியவில்லையே?

'டிரேட்' என்றால் ஆண்மைத் தோரணை உள்ளவர், பெரும்பாலும் தன்னைக் கே என்று சொல்லிக்கொள்ளாதவர். சென்னைப் பக்கம் இப்படிப்பட்ட ஆணைப் 'பந்தி' என்று சொல்வதைக் கேட்டவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். 'மாஸ்க்' என்பது முகமூடி இல்லை. ஆண்மையாக இருப்பவர் என்பதன் சுருக்கம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 'ஹோஸ்ட் பண்ண முடியுமா' என்பது நம் ஊர் ஆப்களில் வரும் 'ப்ளேஸ் இருக்கா'வேதான். 'ஃபேமிலி' என்றால் குடும்பம் அல்ல, "அவர் ஃபேமிலியா?" என்று காதோரம் கேட்டால், அவர் கேயா என்று பொருள். 'எஸ்ஜிஎல்' என்பது தன் பாலினத்தவரை நேசிப்பவர் என்பதன் சுருக்கம். 'கே' என்ற சொல்லில் வெள்ளையரின் வாடை அடிக்கிறது என்று நினைத்தவர்களுக்காக, 1990களின் தொடக்கத்தில் கிளியோ மனாகோ என்ற செயல்பாட்டாளர் முன்வைத்த சொல் அது. மூத்தவர்களிடம் இன்றும் அதுதான்.

'கிளீன்' என்று ஒருவர் எழுதியிருந்தால் எச்ஐவி இல்லை என்று சொல்ல வருகிறார். அப்படியானால் இருப்பவர் அழுக்கா? அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் நண்பர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

'டவுன் லோ' என்றால் என்ன? மனைவியை ஏமாற்றுபவர்களா?

டிஎல், டவுன் லோ: அடக்கமாக, யாருக்கும் தெரியாமல் என்று பொருள். முதலில் எந்த ரகசிய உறவுக்கும் சொல்லப்பட்ட சொல்தான். 90களின் ஆர்அண்ட்பி பாடல்களில் ஆண்-பெண் கள்ள உறவுக்கும் அதுதான் பெயர். பிறகு, பெண்ணோடு வாழ்ந்துகொண்டு ஆண்களோடும் உறவு வைத்திருக்கும் கறுப்பின ஆண்களுக்கான சொல்லாகச் சுருங்கியது.

2003, 2004 வாக்கில் அமெரிக்க ஊடகங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஒப்ரா வின்ஃப்ரேயின் டிவி நிகழ்ச்சியில் வந்ததும் நாடே பேசியது. கறுப்பினப் பெண்களுக்கு எச்ஐவி வருவதற்கு இந்த ரகசிய ஆண்களே காரணம் என்று ஒரு கதை வேரூன்றியது. ஆய்வாளர்கள் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, டிஎல் ஆண்கள்தான் தொற்றின் முக்கியப் பாலம் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ரகசியமாக இருப்பவர்களுக்கு, வெளிப்படையாக இருப்பவர்களைவிட ஆண் துணைகள் பொதுவாகக் குறைவு. ஆனால் கதைக்கு வந்த விளம்பரம் திருத்தத்துக்கு வரவில்லை. இதே வேலையைச் செய்யும் வெள்ளையர் ஏராளம். அவர்களுக்கு இப்படி ஒரு தனிப் பெயர் ஒட்டவில்லை.

நடைமுறையில் டிஎல் என்றால் இப்படி இருக்கும்: முகப்படம் இல்லை. இரவு பதினொன்றரைக்கு மெசேஜ். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார். பேர் கேட்டால் ஒரு பேர் சொல்வார், அது அவருடையது இல்லை. இரண்டு வருடம் இப்படி ஒருவரோடு பழகிய நண்பர் ஒருவர், அவருடைய உண்மைப் பெயரை அவர் இறந்த பிறகு இரங்கல் அட்டையில்தான் படித்தார். இறுதிச் சடங்குக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

ஏமாற்று இல்லையா என்றால், மனைவி பக்கமிருந்து பார்த்தால் ஏமாற்றுதான். ஆனால் வேலை, குடும்பம், சர்ச், குடியிருக்கும் தெரு எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருப்பவருக்கு, ஒரு கதவு சாத்தினால் எல்லாக் கதவும் சாத்தும் என்ற பயம் பொய்யில்லை.

எல்லாம் ஓரிரவு ஹுக்கப்தானா? காதலே இல்லையா?

தேடுபவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் தேடுகிறார்கள், ஒரே ஆப்பில், சில சமயம் ஒரே இரவில். ஹுக்கப்பாகத் தொடங்கி ஏழு வருடமாகச் சேர்ந்து வாழும் ஜோடி எனக்குத் தெரியும். "முதல் நாள் அவன் பேரைக்கூடக் கேட்கவில்லை" என்று ஆண்டு விழாவில் மாமியார் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள்.

பழைய கதை ஒன்று. பேயார்ட் ரஸ்டின் என்ற கறுப்பின கே தலைவர், கறுப்பின உரிமைகளுக்கான 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்தவர். காந்திய வழிமுறைகளைக் கற்க 1948இல் இந்தியாவுக்கும் வந்தவர். 1953இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில், நிறுத்தியிருந்த காரில் ஆண்களோடு இருந்ததற்காகக் கைதாகிச் சிறை சென்றார். அந்த ஒரு வழக்கு வாழ்நாளெல்லாம் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2020இல்தான், இறந்து 33 வருடம் கழித்து, மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். ஆனால் 1977இல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் தெருமுனை ஒன்றில் வால்டர் நேகல் என்ற இளைஞரைச் சந்தித்தார். இவருக்கு 65, அவருக்கு 27. ஒரு தெருமுனைப் பார்வையில் தொடங்கியது, 1987இல் ரஸ்டின் இறக்கும்வரை நீடித்தது. அப்போது ஆணும் ஆணும் மணக்க முடியாது என்பதால், சட்டப் பாதுகாப்புக்காக 1982இல் நேகலைத் தன் மகனாகத் தத்தெடுத்தார். காதலனைத் தத்தெடுக்க வேண்டியிருந்த நாடு அது. நாடு முழுக்க மணவுரிமை 2015இல்தான் வந்தது.

எச்ஐவி அதிகமாமே? பல பேரோடு போவதால்தானே?

அதிகம் என்பது உண்மை. "போவதால்தானே" என்பது தவறு.

2016இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி ஒரு கணக்கை வெளியிட்டது. அப்போதைய வேகத்திலேயே போனால், ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்ஐவி கண்டறியப்படும். வெள்ளையரில் 11 பேரில் ஒருவருக்கு. அந்தச் செய்தி வந்தபோது நண்பர்கள் குழுவில் ஒருவர் எழுதியது: "டேபிள்ல நாலு பேர் இருக்கோம்."

ஆனால் கிரிகோரியோ மில்லெட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2006இலிருந்து பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது வேறு. கறுப்பின கே ஆண்கள் வெள்ளை கே ஆண்களைவிட அதிக ஆபத்தாக நடந்துகொள்வதில்லை. துணைகளின் எண்ணிக்கை அதிகமில்லை, ஆணுறைப் பயன்பாடு குறைவில்லை. பிறகு ஏன்? மறுபடி அந்தச் சோபாதான். கறுப்பின ஆண்கள் பெரும்பாலும் கறுப்பின ஆண்களோடுதான் உறவு கொள்கிறார்கள். பாதி விருப்பத்தால், பாதி மற்றவர்கள் சாத்திய கதவால். சின்ன வட்டத்துக்குள் தொற்று ஏற்கெனவே அதிகம். அங்கே மூன்றில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பத்தில் ஒருவருக்கு. ஒரே அளவு கவனமாக இருக்கும் இருவரில் உள்ளே இருப்பவருக்கு ஆபத்து மூன்று மடங்குக்கு மேல், ஒரே ஒரு துணையோடு இருந்தாலும். அதோடு காப்பீடு இல்லாமை, தாமதமான சோதனை, கிடைக்காத சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் புதிய தொற்றுகளில் ஏறத்தாழ பாதி தென் மாநிலங்களில் பதிவாகிறது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை, அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம் இன்றுவரை முழுமையாக விரிவாக்கவில்லை.

மாத்திரை வந்துவிட்டதே?

வந்துவிட்டது. தொற்று வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரைக்கு 2012 ஜூலையில் அனுமதி கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி 2021 டிசம்பரில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி 2025 ஜூனில். தொற்று உள்ளவர் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து பரவாது. இதை சிடிசி 2017இல் வெளிப்படையாகச் சொன்னது. ப்ரொஃபைலில் 'ப்ரெப்பில் இருக்கிறேன்', 'அன்டிடெக்டபிள்' என்று எழுதுவது இன்று சாதாரணம்.

ஆனால் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? 2022க்கான சிடிசி கணக்கில், ப்ரெப் தேவைப்படும் வெள்ளையர்களில் 100க்கு 94 பேருக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கறுப்பினத்தவரில் 13 பேருக்கு. டாக்டரிடம் கேட்கப் போய், "ஏன், எத்தனை பேரோடு?" என்ற எதிர்க்கேள்வி கேட்டு எழுந்து வந்தவர்கள் என் வட்டத்திலேயே இருவர்.

தொற்று இருப்பதைச் சொல்லாவிட்டால் சிறையாமே?

பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. மிசூரியில் ஒரு கறுப்பினக் கல்லூரி மல்யுத்த வீரர் 2013இல் கைதானார். 2015இல் 30 ஆண்டுச் சிறை. வழக்கு நடந்த விதம் சரியில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பை ரத்து செய்தது. 2019இல் வெளியே வந்தார். 2021இல் மிசூரியும் 2022இல் ஜார்ஜியாவும் தங்கள் சட்டங்களைத் தளர்த்தின. ஒருவரோடு பேசிய ஆப் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் அங்கே பலருக்கு உண்டு, சொன்னேன் என்பதற்குச் சாட்சியாக.

பாதுகாப்பு?

ஆப்பில் வரச் சொல்லிவிட்டு அடித்துப் பறிக்கும் கும்பல்கள் அங்கேயும் உண்டு. டிஎல் ஆட்கள் போலீஸுக்குப் போக மாட்டார்கள் என்பது கும்பலுக்கும் தெரியும். என் நண்பர்களின் வழக்கம்: முதலில் வீடியோ அழைப்பு, கிளம்பும்போது ஒரு நண்பருக்கு லொக்கேஷன், ஒரு மணி நேரத்தில் "உயிரோட இருக்கியா" என்று மெசேஜ் வரும், பதில் போட வேண்டும்.

பெரிய ஆபத்து பெரிய மனிதர் வீட்டிலும் இருக்கும். எட் பக் என்பவர் வெஸ்ட் ஹாலிவுட்டில் வசித்த வெள்ளையர், அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுப்பவர். வறுமையிலிருந்த கறுப்பின ஆண்களைக் காசு கொடுத்து வரவழைத்து, மெத் போதைமருந்து ஏற்றுவார். 2017 ஜூலையில் ஒருவர் அவர் வீட்டில் இறந்தார். கைது இல்லை. 2019 ஜனவரியில் இரண்டாமவர். அப்போதும் உடனே கைது இல்லை. குடும்பத்தாரும் செயல்பாட்டாளர்களும் விடாமல் கத்தி, மூன்றாவதாக ஒருவர் உயிர் தப்பி வந்த பிறகு, 2019 செப்டம்பரில்தான் கைதானார். 2022இல் 30 ஆண்டுச் சிறை.

படங்கள் விஷயத்திலும் கவனம். பயனர்கள் 'பிரைவேட்' என்று நம்பிப் போட்ட படங்களைச் சரியாகப் பூட்டி வைக்காததற்காக, ஜாக்ட் ஆப்பின் அப்போதைய உரிமையாளர் நிறுவனம் 2019இல் நியூயார்க் அரசுடன் 2,40,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

சர்ச் என்ன சொல்கிறது?

மேடையில் ஒன்று, கொயரில் இன்னொன்று. பாஸ்டர் பாவம் என்று பிரசங்கம் செய்வார். பின்னால் நின்று ஆமென் பாடும் வரிசையில் பாதிப் பேர் ஃபேமிலி. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். தாங்க முடியாதவர்கள் வெளியேறினார்கள்; 1982இல் லாஸ் ஏஞ்சலஸில் பாடகர் கார்ல் பீன் தொடங்கிய யூனிட்டி ஃபெலோஷிப் சர்ச் அவர்களுக்காக வந்தது. ஆனால் என் நண்பன் இன்னும் பழைய சர்ச்சுக்குத்தான் போகிறான். "பாட்டு அங்கதான் நல்லா இருக்கு" என்கிறான். டெனர்காரர் அவனைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாராம்.

நான் தமிழன், அட்லாண்டாவில் படிக்க வருகிறேன். இந்த வட்டத்துக்குள் எனக்கு இடம் உண்டா?

விருந்தாளியாகத் தாராளமாக. சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் 'எனக்குக் கறுப்பர்னா ரொம்பப் பிடிக்கும்' என்று முதல் மெசேஜ் அனுப்பாதீர்கள். நீங்களும் 'இந்தியர் வேண்டாம்' என்ற ப்ரொஃபைல்களைச் சந்திப்பீர்கள், அப்போது பேச நிறைய இருக்கும்.

லேபர் டே வார இறுதியில் அட்லாண்டா பிளாக் பிரைடு பார்க்க வரலாமா?

வரலாம். செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டி வரும், 1996இலிருந்து நடக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் கூட்டம். 2022இல் எம்பாக்ஸ் எனும் குரங்கம்மை பரவியபோது தடுப்பூசியையே விழாவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அறையை ஜூலைக்குள் பிடித்துவிடுங்கள், விலை ஏறிவிடும். போன் சார்ஜர் எடுத்து வாருங்கள். வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியதும் ஆப்பின் கட்டங்களெல்லாம் புதுமுகமாகிவிடும், அந்த நான்கு நாளும் என் நண்பன் கையிலிருந்து போன் இறங்காது. விங்ஸ் கடையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை திறந்து பார்த்தால் மறுபடி பழைய காதலன், பழைய காதலனின் காதலன், சோபா.